சொல் கேளுங்கள்: ஸ்பீராரே

போன இதழில் ‘எக்ஸ்பைரி’யும் ‘இன்ஸ்பிரேஷ’னும் ஒரே லத்தீன் வினைச்சொல்லின் பிள்ளைகள் என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இப்போது என் மேசையில் கிடக்கின்றன. எனக்கு இதில் மகிழ்ச்சியே. பதின்மூன்று வயதில், பாதிரியார் ஆகப் படிக்க இளங்குருமடத்தில் சேர்ந்தபோது நான் மனப்பாடம் செய்த முதல் சில வினைச்சொற்களில் அது ஒன்று. குருமடத்தை விட்டு வந்து தமிழாசிரியர் ஆனேன், ஓய்வும் பெற்றுவிட்டேன். அந்தச் சொல் மட்டும் இன்னும் கூடவே இருக்கிறது. அதனால் இந்த மாதம் அது ஒன்றுதான்.

தினமும் நூறு மாத்திரை அட்டையிலாவது ‘எக்ஸ்பைரி’ பார்க்கிறவன் நான். அதற்கும் ‘இன்ஸ்பிரேஷ’னுக்கும் என்ன உறவு? அந்த லத்தீன் சொல்தான் எது?
மருந்துக்கடை ஊழியர், கரூர்

சொல், ‘ஸ்பீராரே’. மூச்சு விடுதல். ஸ்பீரோ என்றால் மூச்சு விடுகிறேன், ஸ்பீராஸ் என்றால் மூச்சு விடுகிறாய், ஸ்பீராத் என்றால் மூச்சு விடுகிறான். காற்று வீசுவதற்கும் இதே சொல்தான். மணம் வீசுவதற்கும் இதுவே. ரோமானியக் கவிஞர் வெர்ஜில் தன் காவியத்தின் முதல் காண்டத்தில், வீனஸ் தேவியின் கூந்தல் தெய்வ மணத்தை ‘ஸ்பிராவேரே’, மூச்சாக விட்டது என்கிறார். தமிழிலும் காற்று வீசும், மணமும் வீசும் அல்லவா?

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞர்களுக்குள் ஒரே முடிவு இல்லை. ஊதுகிற ஓசையையே போலச் செய்து பிறந்திருக்கலாம் என்கிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடித்திருக்கிறது. ‘ஸ்பீ’ என்று சொல்லிப் பாருங்கள், உதட்டில் காற்று தட்டும்.

எங்களுக்கு லத்தீன் சொல்லித்தந்த சாமியார் பலகையில் எதுவும் எழுதமாட்டார். உள்ளங்கையை வாய்க்கு நேரே பிடிக்கச் சொல்வார். “எக்ஸ்” என்று அவர் குரல் கொடுத்ததும் முப்பது பையன்களும் ஊதுவோம், கையில் சூடு தெரியும். “இன்” என்றதும் இழுப்போம், கை குளிரும். எக்ஸ் என்றால் வெளியே, இன் என்றால் உள்ளே. எக்ஸ்ஸ்பீராரே, மூச்சை வெளியே விடுவது. இன்ஸ்பீராரே, மூச்சை உள்ளே ஊதுவது. எங்கள் இலக்கணம் உள்ளங்கையில்தான் ஏறியது.

வெளியே விட்ட மூச்சு திரும்ப உள்ளே போகவில்லை என்றால்? அதற்கும் ரோமானியர்கள் இதே எக்ஸ்ஸ்பீராரேயைத்தான் சொன்னார்கள். மாற்கு நற்செய்தியில் சிலுவையில் இயேசு உரக்கக் கூவி உயிர்விடும் இடத்தில் லத்தீன் பைபிள் ஒரே சொல்லோடு நின்றுவிடுகிறது: ‘எக்ஸ்பிராவித்’. மூச்சை விட்டார், அவ்வளவுதான். பிற்பாடு குத்தகைக்கும் ஒப்பந்தத்துக்கும் மூச்சு போவதாகச் சொல்ல ஆரம்பித்து, அது உங்கள் மாத்திரை அட்டை வரைக்கும் வந்துவிட்டது. நாம் வைத்திருக்கும் ‘காலாவதி’யில் மூச்சு கிடையாது. அதிலுள்ள ‘அவதி’ எல்லையைக் குறிக்கும் வடசொல்.

இன்ஸ்பிரேஷனுக்கு ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்துக்குப் போக வேண்டும். “ஜீவசுவாசத்தை அவன் நாசியிலே ஊதினார்” என்று தமிழில் படித்திருப்பீர்கள். அந்த ‘ஊதினார்’தான் லத்தீனில் ‘இன்ஸ்பிராவித்’. களிமண் பொம்மையின் மூக்கில் ஒருவர் குனிந்து ஊதுகிறார். அதுதான் இந்தச் சொல்லுக்குள் இருக்கிற படம். நம் பள்ளி உயிரியல் புத்தகத்தில் ‘உட்சுவாசம்’, ‘வெளிச்சுவாசம்’ என்று படித்தோமே, அவை ஆங்கிலப் புத்தகத்தில் இன்ஸ்பிரேஷன், எக்ஸ்பிரேஷன்தான்.

அதே வசனத்தில் ஜீவசுவாசத்துக்கு லத்தீன்காரர் போட்ட சொல் ‘ஸ்பிராகுலும் வீத்தே’. ஆதாமின் மூக்கருகே நின்ற அந்த ஸ்பிராகுலும் இன்று விலங்கியல் வகுப்பில் கரப்பான்பூச்சியின் விலாவில் இருக்கிறது. அதன் உடலின் இரு பக்கமும் பத்து ஜோடி சுவாசத்துளைகள். அவற்றுக்கு ஸ்பிராக்கிள் என்றுதான் பெயர். சொல்லுக்கு ஆதாமும் கரப்பானும் ஒன்றே. இரண்டும் மூச்சு விடுகின்றனவே!

நம் ‘பிராண’னும் இந்த ஸ்பீராரேயும் உறவா? ஒலி ஒத்துப்போகிற மாதிரி தெரிகிறதே.
கல்லூரி மாணவி, திருச்சி

உறவில்லை அம்மா. ‘பிரா’ என்று காதில் விழுவது தற்செயல். பிராணனைப் பிரித்தால் ‘ப்ர’ என்ற முன்னொட்டும், மூச்சுவிடுதல் என்று பொருள்படும் ‘அன்’ என்ற வேரும் கிடைக்கும். ஆனால் உங்கள் கேள்வி வீண்போகவில்லை. அந்த ‘அன்’னுக்கு லத்தீனில் நிஜமாகவே ஓர் உடன்பிறப்பு இருக்கிறது. அது ‘அனிமா’. மூச்சு, உயிர் என்று பொருள். கிரேக்கத்தில் காற்றைக் குறிக்கும் ‘அனெமோஸ்’ இன்னொரு உடன்பிறப்பு.

அனிமா உள்ளது ‘அனிமல்’. பிராணன் உள்ளது ‘பிராணி’. இதை முதன்முதலில் கண்டுகொண்ட இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. படிப்பறை விளக்கை அணைக்கும் மணி அடித்துவிட்டது. அகராதியை மூட மனமில்லாமல், பிராணி, அனிமல், பிராணி, அனிமல் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே படுத்தேன். ஒரே வேரிலிருந்து ரோமானியரும் இந்தியரும் தனித்தனியே ஒரே மாதிரி சொல் கட்டியிருக்கிறார்கள்: மூச்சு உடையது.

ஸ்பீராரேக்கு நிகரான போக்கு நம் தமிழில் வேண்டுமென்றால் ‘உயிர்த்த’லைப் பாருங்கள். பழந்தமிழில் உயிர்த்தல் என்றால் மூச்சுவிடுதல். “நாகம் உயிர்ப்பக் கெடும்” என்கிறது 763-ஆம் குறள். எலிக்கூட்டம் கடல்போல் இரைந்தாலும் நாகம் ஒரு மூச்சு விட்டால் போதும் என்பது பொருள். மூச்சுக்கு இருந்த பெயர் நாளடைவில் உயிருக்கே பெயராகிவிட்டது. ‘நெட்டுயிர்ப்பு’ என்ற அழகான சொல்லும் நம்மிடம் உண்டு, பெருமூச்சு. லத்தீனில் அது ‘சுஸ்பீரியும்’. ‘சுப்’ என்றால் கீழே. நெஞ்சுக்கு அடியிலிருந்து எழும்பி வரும் மூச்சு. வெனிஸ் நகரத்தில் நீதிமன்றத்தையும் சிறையையும் இணைக்க 1600-ஐ ஒட்டிக் கட்டிய மூடுபாலத்துக்கு ‘சோஸ்பீரி’ பாலம், பெருமூச்சுப் பாலம் என்று பெயர் நிலைத்துவிட்டது. கைதிகள் அந்தச் சின்ன ஜன்னல் வழியே கடைசியாக வெளியே பார்த்து விட்ட மூச்சு.

எங்கள் ஆச்சி சிலுவை போடும்போது “பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து” என்பார். இப்போது யாரும் அப்படிச் சொல்வதில்லை. அது என்ன மொழி?
இல்லத்தரசி, தூத்துக்குடி

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். என் பாட்டியும் அப்படித்தான் சொல்வார்.

அது போர்த்துகீசியம். ‘எஸ்பீரித்து சாந்த்து’ என்று அவர்கள் சொல்வதை முத்துக்குளித்துறைக் கடற்கரை மக்கள் 16-ஆம் நூற்றாண்டில் கேட்டு, தங்கள் நாக்குக்குத் தக்கபடி ஆக்கிக்கொண்டார்கள். மேசை, ஜன்னல், அலமாரி, சாவி எல்லாம் வந்த அதே கப்பலில் வந்ததுதான் இதுவும். போர்த்துகீசியச் சொல்லின் தாய், லத்தீன் ‘ஸ்பீரித்துஸ் சாங்க்துஸ்’. ஸ்பீராரேயின் பெயர்ச்சொல்தான் ஸ்பீரித்துஸ். முதலில் மூச்சு, பிறகு உயிர், பிறகு ஆவி. ஆக உங்கள் ஆச்சி நெற்றியிலும் நெஞ்சிலும் தோளிலும் கைவைத்துச் சொன்னது ‘புனித மூச்சு’.

முன்னால் நிற்கும் அந்த ‘இ’யைக் கவனியுங்கள். ‘ஸ்’ஸில் தொடங்கி உடனே இன்னொரு மெய்யெழுத்து வந்தால் தமிழ் நாக்குக்கு ஆகாது. இஸ்கூல், இஸ்டேஷன் என்று கிராமத்தில் சொல்வதும் அதனால்தான். இதைக் கேட்டுச் சிலர் சிரிப்பார்கள். சிரிக்க இதில் ஒன்றுமில்லை. ரோமானியப் பேரரசின் பிற்காலத்தில் சாதாரண லத்தீன் மக்களே இப்படித்தான் ‘இ’ சேர்த்துப் பேசினார்கள், கல்லிலும் அப்படியே வெட்டிவைத்தார்கள். போர்த்துகீசியத்திலும் ஸ்பானியத்திலும் சொல்லின் முன்னால் ‘எ’ ஒட்டியிருப்பது அந்தப் பழக்கத்தின் மிச்சம். ரோமாபுரியின் எளிய மனிதர்களும் நம் கடற்கரை ஆச்சிகளும் ஒரே சொல்லை ஒரே விதமாகச் சரிசெய்திருக்கிறார்கள்.

சின்ன வயதில் நான் ‘சாந்து’ என்பதை நெற்றியில் வைக்கும் சாந்து என்றே நினைத்திருந்தேன். உறுதிபூசுதல் என்ற திருச்சபைச் சடங்கின்போது ஆயர் கட்டைவிரலால் என் நெற்றியில் எண்ணெய் பூசியதும் அந்த எண்ணம் இன்னும் கெட்டியானது. அது ‘சாந்த்து’, புனிதம் என்று குருமடத்தில் தெரிந்துகொண்டேன். அப்படித் தெரிந்த பிறகும், இன்றைக்கும் அந்தச் சொல்லைக் கேட்டால் நெற்றியில்தான் குளிர்கிறது.

பிறகு அது ‘பரிசுத்த ஆவி’ என்றும் ‘தூய ஆவி’ என்றும் ஆயிற்று. ‘ஆவி’யைத் தேர்ந்தெடுத்தவர்களை நான் வணங்குகிறேன். இட்லிப் பானையைத் திறந்தால் வருவதும் ஆவி, வாயைப் பிளந்தால் வருவது கொட்டாவி, உடலை விட்டுப் பிரிவதும் ஆவி. ஸ்பீரித்துஸ் என்ற சொல்லின் எல்லா அறைகளுக்கும் பொருந்துகிற சாவி நம்மிடமே இருந்திருக்கிறது. ஒரே ஓர் இடத்தில்தான் கைவிட்டுப் போயிற்று. யோவான் மூன்றாம் அதிகாரத்தில் “காற்றானது தனக்கு இஷ்டமான இடத்திலே வீசுகிறது” என்று ஒரு வசனம். லத்தீனில் அது ‘ஸ்பீரித்துஸ் ஊபி வுல்த் ஸ்பீராத்’. காற்று என்ற இடத்திலும் ஸ்பீரித்துஸ், அந்த வசனத்தின் முடிவில் ஆவியினால் பிறந்தவன் என்று வருகிற இடத்திலும் ஸ்பீரித்துஸ், நடுவிலே வீசுகிறது என்பதும் அதன் வினைச்சொல்லே. கிரேக்க மூலத்திலும் அப்படித்தான். தமிழில் ஓரிடத்தில் ‘காற்று’, இன்னோரிடத்தில் ‘ஆவி’ என்று பிரிக்க வேண்டியதாயிற்று. இரண்டும் ஒரே சொல் என்று தெரிந்து படித்தால் அந்த வசனத்தில் வேறொரு காற்று வீசுகிறது.

ஆச்சியின் ஜெபத்தை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. அவர் உச்சரித்த மாதிரியே எழுதுங்கள், திருத்தாதீர்கள்.

செய்தித்தாளில் ‘கான்ஸ்பிரசி’ என்று வருகிறதே, அதிலும் ‘ஸ்பிர்’ இருக்கிறது. சதிக்கும் மூச்சுக்கும் என்ன?
வாசகர், மதுரை

‘கான்’ என்றால் சேர்ந்து. சேர்ந்து மூச்சு விடுவது. சதிகாரர்கள் தலைகள் ஒட்டக் குசுகுசுவென்று பேசுகிற காட்சிதான் மனசில் வரும். ஆனால் கோன்ஸ்பீராரே முதலில் அவ்வளவு கெட்ட சொல் இல்லை. இசைந்திருப்பது, ஒருமனப்படுவது என்பதற்கும் அதைத்தான் சொன்னார்கள். வெர்ஜிலின் ஏழாம் காண்டத்தில் போர் மூளும்போது வெண்கலக் கொம்புகள் கரகரத்த குரலில் ‘கோன்ஸ்பீரந்த்’, சேர்ந்து மூச்சுவிட்டு ஒலிக்கின்றன. இரட்டை நாயனம் வாசிக்கிறபோது பக்கத்தில் நின்று கேட்டவர்களுக்கு, இரண்டு பேர் மூச்சு ஒன்றாவது என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொரு சேதி. கி.மு. 63 டிசம்பரில் கத்திலினா என்பவனின் சதியைப் பற்றி ரோமானியப் பேச்சாளர் சிசெரோ செனட்டில் பேசினார். அந்தச் சதிக்கு ரோமானியர்கள் வைத்த பெயர் ‘கோன்யூராத்சியோ’, சேர்ந்து சத்தியம் செய்தல். அதே பேச்சில் நல்லவர்கள் எல்லோரும் ஒன்று திரண்டதைச் சொல்ல சிசெரோ எடுத்த சொல் ‘கோன்ஸ்பிராத்சியோ’! ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டு கழித்து வரலாற்றாசிரியர் ஸ்வெத்தோனியுஸ், ஜூலியஸ் சீசருக்கு எதிராக அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்ததை எழுதும்போதும் இதே சொல்தான். இரண்டு பொருளும் லத்தீனில் அக்கம்பக்கமாகக் குடியிருந்தன. ஆங்கிலத்துக்குள் பெரும்பாலும் கெட்டதே நடந்து வந்தது. எனக்கு அதில் வருத்தம்தான். கூடி மூச்சுவிடுவது பாடகர் குழுவுக்கும் படகு வலிப்பவர்களுக்கும் உரியது.

‘ஸ்பைரல்’, தேவாலயத்தின் கூம்பான ‘ஸ்பையர்’, இவையும் இதே குடும்பமா?
பொறியியல் மாணவர், கோவை

இரண்டும் இல்லை. ஸ்பைரல் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கோபுர ஸ்பையர், தண்டு அல்லது முளை என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்.

ஊசி போடுமுன் கையில் தடவுகிறோமே, அந்த ஸ்பிரிட்டுக்கும் உங்கள் ஆவிக்கும் உறவுண்டா? நோயாளிகள் கேட்டால் சொல்லத்தான்.
செவிலியர், வேலூர்

நேரடி உறவு. இடைக்கால ஐரோப்பாவின் ரசவாதிகள் திராட்சை மதுவைக் காய்ச்சி வடித்தார்கள். சூட்டில் ஏதோ ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் மேலே ஏறுகிறது, குளிர்ந்த குழாயில் பட்டுச் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. மதுவின் மூச்சு அது என்று எண்ணி ‘ஸ்பீரித்துஸ் வீனி’ என்றார்கள். ஜெர்மனியில் இன்றும் அடுப்பெரிக்கும் ஆல்கஹாலுக்கு ‘ஷ்பீரித்துஸ்’ என்றே பெயர். நீங்கள் பஞ்சால் தடவியதும் தோல் சில்லென்று ஆகிறது. ஸ்பிரிட் தோலின் சூட்டை எடுத்துக்கொண்டு ஆவியாகிப் போகிறது. ஊதினால் இன்னும் குளிரும். குழந்தைகளுக்கு ஊதிக் காட்டுங்கள், ஸ்பீராரே என்றால் என்ன என்று அவர்கள் தோலே சொல்லும்.

கொத்தனார் சுவரில் வைத்துப் பார்க்கும் ரசமட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் ‘ஸ்பிரிட் லெவல்’. அந்தக் கண்ணாடிக் குழாய்க்குள் இருப்பதும் ஆல்கஹால்தான். தண்ணீரைப் போல உறையாது, குமிழி தங்குதடையில்லாமல் ஓடும்.

பெல்ஜிய மருத்துவர் வான் ஹெல்மோன்ட் 62 ராத்தல் ஓக் மரக்கரியை எரித்துப் பார்த்தார். மிஞ்சியது ஒரு ராத்தல் சாம்பல். மீதி எங்கே போயிற்று? கண்ணுக்குப் படாமல் ஓடிப்போன அதற்கு அவர் இட்ட பெயர் ‘ஸ்பீரித்துஸ் சில்வெஸ்த்ரிஸ்’, காட்டு ஆவி. நாம் கார்பன் டை ஆக்சைடு என்கிறோம். ‘கேஸ்’ என்ற சொல்லை உண்டாக்கியவரும் அவர்தான்.

வியர்வைக்கு ‘பெர்ஸ்பிரேஷன்’, செடிக்கு ‘டிரான்ஸ்பிரேஷன்’. இவற்றில் மூச்சு எங்கே?
பள்ளி ஆசிரியை, நாமக்கல்

‘பெர்’ என்றால் ஊடாக. ‘டிரான்ஸ்’ என்றால் கடந்து அப்பால். தோலின் ஊடாக விடும் மூச்சு பெர்ஸ்பிரேஷன், இலையைக் கடந்து போகும் மூச்சு டிரான்ஸ்பிரேஷன். பாடநூலில் அதை ‘நீராவிப்போக்கு’ என்று எவ்வளவு நேர்த்தியாகத் தமிழாக்கியிருக்கிறார்கள், பாருங்கள். ஆவி அங்கேயும் வந்துவிட்டது.

முதலில் பெர்ஸ்பிரேஷன் என்றால் சொட்டும் வியர்வை அல்ல, கண்ணுக்குத் தெரியாமல் தோலிலிருந்து கசிவது. இத்தாலிய மருத்துவர் சாந்தோரியோ இதை அளக்கவே ஒரு தராசில் நாற்காலியைத் தொங்கவிட்டு, அதில் உட்கார்ந்து சாப்பிட்டார். முப்பது ஆண்டுகள் தன் எடை, உணவின் எடை, கழிவின் எடை எல்லாவற்றையும் குறித்துக்கொண்டே வந்தார். 1614-இல் வெளியிட்ட நூலில், நாளுக்கு எட்டு ராத்தல் உண்டு குடித்தால் அதில் ஐந்து ராத்தல் இப்படிப் புலப்படாமலே போய்விடுகிறது என்றார். உங்கள் மாணவர்களுக்கு இந்த நாற்காலிப் படத்தை எங்காவது தேடிக் காட்டுங்கள். சோற்றுத்தட்டின் முன்னால் தொங்கும் மனிதரை அவர்கள் மறக்கமாட்டார்கள்.

அப்பாவுக்கு ‘ஸ்பைரோமெட்ரி’ எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பெயரைக் கேட்டே பயப்படுகிறார்.
வாசகி, திண்டுக்கல்

பயம் வேண்டாம் என்று சொல்லுங்கள். போன வருடம் எனக்கும் எடுத்தார்கள். மூக்கில் ஒரு கிளிப், வாயில் ஒரு அட்டைக் குழாய். அந்தப் பெண், “இழுங்க, இழுங்க, இழுங்க, ஊதுங்க ஐயா, ஊதுங்க, இன்னும், இன்னும்” என்று சொல்லச் சொல்ல, திரையில் ஒரு கோடு மலைபோல் ஏறிச் சரிவாக இறங்கியது. இன், எக்ஸ், இன், எக்ஸ். எனக்கு அறுபது வருடத்துக்கு முந்திய வகுப்பறையும் உள்ளங்கையும் அப்படியே திரும்பி வந்தன. சோதனை முடிந்ததும் கொஞ்சம் தலை சுற்றும், இரண்டு நிமிடம் உட்கார்ந்தால் சரியாகிவிடும்.

ஸ்பைரோ லத்தீன், மீட்டர் கிரேக்கம். 1846-இல் லண்டன் மருத்துவர் ஜான் ஹட்சின்சன் இதைப் பற்றி விரிவாக எழுதினார். தண்ணீரில் கவிழ்த்த பாத்திரத்துக்குள் ஊதச் செய்து, அது எவ்வளவு உயர்கிறது என்று பார்த்தார். இரண்டாயிரம் பேருக்கு மேல் ஊதியிருக்கிறார்கள்: மாலுமிகள், போலீஸ்காரர்கள், குத்துச்சண்டைக்காரர்கள். ஒரே மூச்சில் வெளியே விடக்கூடிய அந்த அளவுக்கு ‘உயிர்த்திறன்’ என்று பொருள்படும் பெயரை வைத்தவரும் அவரே.

‘தும் ஸ்பீரோ ஸ்பேரோ’ என்று கையில் பச்சை குத்த ஆசை. பொருள் சரியா? அம்மாவிடம் விளக்க வேண்டும்.
இளைஞர், சென்னை

மூச்சிருக்கும் வரை நம்பிக்கை கொள்கிறேன். பொருள் சரிதான் தம்பி. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தின் குறிக்கோள் வாசகங்களில் ஒன்று இது. ஸ்பீரோ, ஸ்பேரோ இரண்டும் அக்கா தங்கை மாதிரி ஒலித்தாலும் உறவில்லை. ஸ்பேரோ, நம்பிக்கை என்று பொருள்படும் ‘ஸ்பெஸ்’ குடும்பம்.

குத்துகிறவரிடம் போகும்முன் எழுத்தை ஒரு தாளில் பெரிதாக எழுதிக்கொண்டு போங்கள். ஆங்கில எழுத்தில் இரண்டாவது சொல்லில் ‘ஐ’ (i), மூன்றாவது சொல்லில் ‘ஈ’ (e), இரண்டுக்கும் கடைசியில் ‘ஓ’ (o). அந்த ஐயும் ஈயும் இடம் மாறிவிட்டால், நம்பும் வரை மூச்சு விடுகிறேன் என்று ஆகிவிடும். அம்மா கேட்டால் சொல்வது கஷ்டம்.